இடதுபக்கத் தலைக்கு வந்த சிரிப்பு

நாயா? எங்கள் வீட்டிலா? உள்ளே வாங்க அம்மணி, வந்து நீங்களே பாருங்க. சமையலறை, படுக்கையறை, குளியலறை, எங்கே வேண்டுமானாலும் பாருங்க. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பாருங்க. அங்கே என் மாமியார் கொடுத்த பித்தளை அண்டா இருக்கிறது. அது குரைக்காது.

நீங்க கேட்டது பொய் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருப்பீங்க. கீழ் வீட்டில் இருக்கிறவங்களுக்குக் கேட்காமல் இருக்குமா? போன வாரம் முழுக்க மத்தியானம் ஆனால் போதும், ஒரு நாய் உறுமி உறுமிக் குரைத்தது, இன்னொன்று தும்மியது, மூன்றாவது குறட்டை விட்டது. சரிதானே? அதில் உறுமிக் குரைத்தது நான்தான்.

எழுந்திரிக்காதீங்க. உட்காருங்க. கதவு திறந்தேதான் இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. நீங்க சனி, ஞாயிறு வேலூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டீங்க, அதனால்தான் தெரியவில்லை. இந்த ஃப்ளாட்ஸில் மற்ற எல்லோருக்கும் தெரியும். காப்பி போடுகிறேன், குடித்துக்கொண்டே கேளுங்க. அதற்கப்புறமும் சங்கத்தில் புகார் கொடுக்கவேண்டும் என்று தோன்றினால் கொடுங்க, நானே கூட வருகிறேன்.

என் பெயர் மரகதமணி. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். சாலிக்கிராமத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டப்பிங்தான் தொழில். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கிறவள் என்று நினைத்துவிடாதீங்க. படத்தில் கல்யாண வீடு வந்தால் பின்னால் ஒரு கும்பல் ‘பொண்ணு வந்தாச்சு, பொண்ணு வந்தாச்சு’ என்று பேசும் பாருங்க, அந்தக் கும்பலில் நான் இருப்பேன். சந்தை என்றால் கத்திரிக்காய் விலை கேட்பேன். தீப்பிடித்தால் ‘ஐயோ, தண்ணி’ என்பேன். கைக்குழந்தை அழவேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வட்டாரத்தில் என் அளவுக்குப் பசியோடு அழ ஆள் கிடையாது, இதை நானாகச் சொல்லவில்லை, சவுண்ட் இன்ஜினியர் சொன்னது. ஆனால் வசனம்? திரையில் ஒரு வாய் திறக்கிறது, அந்த வாய்க்கு நான் ஒருத்திதான் பேசவேண்டும் என்று வந்தது வாழ்க்கையிலேயே ஒன்றே ஒன்று. மூன்று தலை நாய். அதில் இடதுபக்கத் தலை.

அது ஒரு கார்ட்டூன் படம் அம்மணி. கிரேக்க தேசத்துப் புராணக் கதை. யாழ் வாசிக்கிறவன் ஒருவன். கல்யாணம் ஆன அன்றைக்கே பெண்டாட்டியைப் பாம்பு கடித்து, அவள் பாதாளத்துக்குப் போய்விடுகிறாள். இவன் யாழைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் திரும்பக் கூட்டிவரக் கிளம்பிவிடுகிறான். பாதாள ராசா இவன் பாட்டைக் கேட்டு மனசு இளகி, கூட்டிக்கொண்டு போ, ஆனால் மேலே போய்ச் சேருகிறவரை அவள் உன் பின்னால்தான் வருவாள், நீ திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போய்விடுவாள் என்கிறார். இவன் திரும்பிப் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. பெரியவர்கள் உட்கார்ந்து அழவேண்டிய கதை. அதைக் குழந்தைகளுக்காகச் சிரிக்கச் சிரிக்க எடுத்திருந்தார்கள்.

நல்ல படம். நான் இடதுபக்கத் தலை என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்ல படம். பாதாள அரண்மனை ஆற்றுக்கு அடியில் இருக்கிறதா, அதனால் ராசாவின் சிம்மாசனத்துக்கு மேல் எந்நேரமும் ஒழுகும். அவர் ஒரு கையில் செங்கோலும் இன்னொரு கையில் வாளியுமாக உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்வார். செத்தவர்களை அக்கரைக்குக் கொண்டுபோகிற படகுக்காரன் நம்ம ஷேர் ஆட்டோக்காரர் மாதிரி, ஆள் நிறைகிறவரை படகை எடுக்கமாட்டான். ‘இன்னும் ரெண்டு பேர் செத்து வரட்டும் சார், கிளம்பிரலாம்’ என்பான். இப்படி ஒரு படத்தை ஊர் பார்க்காமல் விட்டுவிட்டதே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஏன் பார்க்கவில்லை? தமிழில் வாங்கி வெளியிட்டவர் செய்த வேலை. படத்துக்குப் ‘பாதாள மகிமை’ என்று பேர் வைத்தார். போஸ்டரில், படத்தில் வருகிற கிரேக்கக் கடல் சாமி சூலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியானது ஆடி மாதம். குழந்தை என்று பெயருக்கு ஒன்று வரவில்லை. முதல் காட்சிக்கு, சிவப்புச் சேலை கட்டிய அம்மன் கோயில் மன்றத்துப் பெண்கள் முப்பது நாற்பது பேர் பக்திப் படம் என்று நம்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடல் சாமி திரையில் வந்ததும் ஒரு அம்மாள் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். கற்பூரம் காட்டலாமா என்று இன்னொருவர் கேட்க, தியேட்டர்காரர் ஓடிவந்து வேண்டாம் தாயே என்று கும்பிட்டார்.

அந்தக் காட்சியில்தான், அந்தச் சிவப்புச் சேலைக்காரர்கள் நடுவில்தான், எனக்குச் சிரிப்பு விழுந்தது.

இருங்க, நாய்க்கு வருகிறேன். பாதாளத்தின் வாசலில் காவலுக்கு இருக்கிறது மூன்று தலை நாய். மூன்று தலையும் ஒரே மாதிரிப் பேசினால் யார் பேசுகிறது என்று தெரியாதே என்று வசனம் எழுதினவர் யோசித்துக்கொண்டே வெளியே வந்தார். வராந்தாவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கும்பல் சத்தத்துக்காகக் காத்திருக்கிறோம். எந்த ஊர் என்று கேட்டார். நான் கோபி என்றேன். பக்கத்தில் இருந்தவர் அம்பாசமுத்திரம் என்றார். அதற்கும் பக்கத்தில் இருந்தவர் தூக்கத்திலிருந்து எழுந்து உசிலம்பட்டி என்றார். வாங்க, தலைக்கு ஒரு ஊர் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

உசிலம்பட்டிக்காரர் இருதயராஜ், வலதுபக்கத் தலை. அந்தத் தலை படம் முழுக்கத் தூங்கும், அவ்வப்போது முழித்து ‘சோறு வந்துருச்சா?’ என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கும். அம்பாசமுத்திரத்துக்காரர் நடுத்தலை. பேர் ஆவுடையப்பன். இப்போது என் வீட்டுக்காரர்.

கவனமாகக் கேளுங்க, வழக்கே இந்த இடத்தில்தான். யாழ்க்காரன் வாசலுக்கு வருகிறான். நடுத்தலை அவனைப் பார்த்து உறுமவேண்டும். அன்றைக்கு இவர் மைக் முன்னால் நின்று மூச்சை இழுத்தார், உறுமலுக்குப் பதிலாக ஒரு தும்மல் வந்துவிட்டது. நிஜத் தும்மல். எழுதினது இல்லை, நடித்தது இல்லை. சளி. டப்பிங் பார்த்துக்கொண்டிருந்தவர், நாய்க்கும் தும்மல் வரும்தானே, இருக்கட்டும் என்றுவிட்டார். திரையில் அதற்கு அடுத்த நொடி யாழ்க்காரன் தயங்கி ஒரு பாறையில் உட்கார்கிறான். நம் பக்கத்தில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் சகுனம் சரியில்லை என்று கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம் இல்லையா, அச்சு அசல் அப்படியே ஆகிவிட்டது. கிரேக்க தேசத்தான் நம் சகுனம் பார்க்கிறான்.

அவன் உட்கார்ந்ததும் என் தலை முன்னால் நீளுகிறது. பல் ஒவ்வொன்றும் கடப்பாரை மாதிரி. வாயைத் திறந்து நான் சொல்கிறேன்: ‘ஏனுங்க, கொஞ்சம் அப்படியே இருங்க. உங்களைக் கடிக்கோணுமுங்க.’

எங்கள் பக்கத்தில் யாரையும் மொட்டையாகப் பேசிப் பழக்கமில்லை அம்மணி. திருடனைத் துரத்தினாலும் ‘நில்லுங்க’ என்றுதான் துரத்துவோம். நாயாக இருந்தால் மட்டும் மரியாதை போய்விடுமா? அந்தப் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சிவப்புச் சேலை எல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்ட அம்மாள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று தலையும் வெளியே வந்தோம். டீக்கடையில் நின்று நடுத்தலை சொல்கிறார், தும்மலுக்கு என்னா சிரிப்பு பார்த்தீங்களா என்று.

நான் என் வசனத்துக்குத்தான் சிரிச்சாங்க என்றேன். இல்லை, தும்மினதும் அவன் உட்கார்ந்தானே, அங்கேயே சிரிப்பு கிளம்பிவிட்டது, வந்து சேரத்தான் நேரமானது என்றார். சிரிப்பு என்ன தபாலா, நேரமாகி வருவதற்கு என்று கேட்டேன். இருதயராஜைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். அவர் தியேட்டரிலும் நிஜமாகவே தூங்கிவிட்டிருந்தார். மறுபடி படத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த வாரமே படத்தைத் தூக்கிவிட்டார்கள். இந்த விஷயத்தைப் பேசி முடிக்கலாம் என்று சந்தித்தோம், சந்தித்தோம், சந்தித்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் கல்யாணமே ஆகிவிட்டது. விஷயம் முடியவில்லை.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். அவருக்கும் அப்படித்தான். அதற்கப்புறம் அவருக்கு எத்தனையோ வந்தது. வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், சீரியலில் மாமனார், உர விளம்பரத்தில் விவசாயி. எனக்கு? அந்த ஒரு சிரிப்பு. அதுவும் அவருடைய சளிக்கு வந்தது என்று ஆகிவிட்டால், நான் இத்தனை வருடமும் கத்திரிக்காய் விலைதான் கேட்டிருக்கிறேன் என்று அர்த்தம். விலை கேட்டேனே தவிர ஒரு நாளும் வாங்கவில்லை. புரிகிறதா?

அதனால்தான் இந்தக் கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுக்கு ஒரு படம் போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்ததும் நான் எழுந்து நின்றேன். செயலாளர் தண்ணீர் சிக்கனம் பற்றி ஒரு படம் இருக்கிறது என்றார். பாதாளத்தில் எவ்வளவு தண்ணீர் ஒழுகி வீணாகிறது தெரியுங்களா, அதையும் அந்தப் படத்தில் காட்டுகிறார்கள் என்றேன். ஒத்துக்கொண்டார். குழந்தைகளுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் சொல்ல என்ன, எனக்குத் தீர்ப்பு வேண்டும்.

படத்தை இருதயராஜ் எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டார். படம் சுத்தமாக இருக்கிறது. பேச்சு மட்டும் ஏதோ குளிர் தேசத்து பாஷை. தமிழ்க் குரல் போன இடம் தெரியவில்லை. சரி, மூன்று பேரும்தான் உயிரோடு இருக்கிறோமே, சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று நேரடியாகவே பேசிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். நாயில் மூன்று பேருக்கும் அவரவர் தலை. மீதி ஆளைப் பங்கு போட்டுக்கொண்டோம். யாழ்க்காரன் இவர், பெண்டாட்டி நான், பாதாள ராசாவும் படகுக்காரனும் இருதயராஜ். ஒத்திகை இந்த ஹாலில்தான் நடந்தது. நீங்க கேட்ட நாய் அதுதான்.

சனிக்கிழமை காலையில் இவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, “ஏட்டி, இன்னைக்கு நான் தும்மலன்னா நீ அந்த வசனத்தத் தனியா நிப்பாட்டிருவியா?” என்று கேட்டார்.

குத்தலைப் பார்த்தீங்களா? நானும் விடவில்லை. “நீங்க தும்முனா என்ன, தும்மாட்டி என்ன, என்ற வசனம் தானா நிக்குமுங்க” என்றேன். சொன்னேனே தவிர, அதற்கப்புறம் எனக்கு இட்லி இறங்கவில்லை.

சாயந்திரம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் நாலு வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினோம். பின்னால் எங்களுக்கு நிற்கிற இடம், பழைய சிமெண்ட் மூட்டை அடுக்கின, தூசி பறக்கிற மூலை. ஒரே மைக். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கினது. முன்னால் பாய் விரித்து ஒரு ஐம்பது குழந்தைகள், பின்னால் நாற்காலியில் பெரியவர்கள். படகுக்காரனுக்கே நல்ல சிரிப்பு. இருதயராஜ் அன்றைக்கு முழித்திருந்தார், அதைச் சொல்லவேண்டும்.

வாசல் வந்தது. நாய் வந்தது. யாழ்க்காரன் வந்தான். இவர் தும்மவேண்டிய இடம். நான் திரும்பிப் பார்க்கிறேன். மனுஷன் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மணி! என் வசனம் என்ன நாற்றமா அடிக்கிறது? அதுவும் எப்படி நிற்கிறார் தெரியுமா, முகம் செங்கல் நிறத்தில் இருக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டுகிறது, தோள் இரண்டும் நடுங்குகிறது, இருந்தும் பிடியை விடவில்லை. அவ்வளவு வன்மம். இன்னொரு கையால் என்னைப் பார்த்து, சொல்லு, சொல்லு என்று ஜாடை வேறு.

சொன்னேன். ‘ஏனுங்க, கொஞ்சம் அப்படியே இருங்க. உங்களைக் கடிக்கோணுமுங்க.’

ஒரு சத்தம் இல்லை. ஐம்பது குழந்தை, அத்தனை பெரியவர்கள், ஒருத்தர் மூச்சுக்கூட விடவில்லை. முன் வரிசையில் ஒரு வாண்டு, ‘அம்மா, நாய் நல்ல நாய்’ என்கிறது.

அந்த வசனம் முடிந்தும் திரையில் என் தலை இன்னும் வாயசைத்துக்கொண்டிருக்கிறது. ஒத்திகையில் அந்த இடத்தில் உறுமுவோம். எனக்கு உறுமல் வரவில்லை. கோபம்தான் வந்தது. மைக் வாய்க்கு நேராக இருப்பதே ஞாபகம் இல்லை.

“தும்முங்க” என்றேன். அவர் மூக்கைப் பிடித்தபடி மாட்டேன் என்று தலையாட்டினார். திரையில் நடுத்தலையும் அதே நேரம் ஆட்டியது. “இப்ப எங்கீங்க போச்சு அந்தத் தும்மல்? கோபியில இருந்து எங்கம்மா வந்தா மட்டும் விடியறதுக்குள்ள ஆரம்பிச்சுப்போடுவீங்க. வேணும்கிறப்ப ஒண்ணு வருதா பாருங்க.”

சிரிப்பு வெடித்தது. எனக்குக் காதில் விழுகிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை. வாய் அசைந்துகொண்டே இருக்கிறதே! திரையில் வாய் அசையும்போது நான் எப்படிச் சும்மா நிற்பது? தொழில் அம்மணி. வாய் திறக்கும்போது பேசினேன், மூடும்போது நிறுத்தினேன், அவ்வளவுதான் நான் செய்தது. யாழ்க்காரன் நாயைத் தாண்டி உள்ளே போய்விட்டான். பாதாள ராசா வாளியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கிறார். இருதயராஜ் சிமெண்ட் மூட்டை மேல் விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார், ராசாவுக்குப் பேச ஆள் இல்லை. அந்த வாயையும் நானே எடுத்துக்கொண்டேன். சிலிண்டர் தீர்ந்துபோய் எத்தனை நாளாகிறது, பதிவு செய்தாரா என்று பாதாள ராசா கேட்டார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறதே, ஒரு ஆளைக் கூப்பிடத் தெரியாதா என்று வாளியோடு கேட்டார். பெரியவர்கள் பக்கமிருந்து பெண்கள் கைதட்டுகிறார்கள். செயலாளர் வீட்டம்மா ‘இன்னும் கேளுங்க’ என்று கத்துகிறார்.

அப்புறம் அந்த இடம் வந்தது. யாழ்க்காரன் முன்னால் நடக்கிறான், பெண்டாட்டி பின்னால் வருகிறாள், இவன் திரும்பக் கூடாது. பெண்டாட்டி நான்தானே? அவள் வாய் மெல்ல அசைகிறது. அங்கே எழுதி வைத்த வசனம், ‘அன்பே, உன் பாதச்சுவட்டில் வருகிறேன்’ என்று என்னமோ. எனக்கு வந்தது வேறு.

“நானும் பின்னாலயேதான் வந்துட்டிருக்கறேன். ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்து, நீ நல்லா பண்ணுனே மரகதம்னு சொல்லியிருக்கீங்களா?”

‘திரும்பாதே, திரும்பாதே’ என்று குழந்தைகள் கத்துகின்றன. திரைக்குப் பின்னால் இவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். மூக்கிலிருந்து கையை எடுத்தார், என்னமோ சொல்ல வாயைத் திறந்தார்.

தும்மினார்.

அதுவரை நான் அப்படி ஒரு தும்மல் கேட்டதில்லை. நாலு வேட்டியும் கப்பல் பாய் மாதிரி முன்னால் புடைத்தது. சரியாக அந்த நொடியில் திரையில் யாழ்க்காரன் திரும்புகிறான், பெண்டாட்டி புகையாகப் பறக்கிறாள். இவர் தும்மலில் அவள் பறந்த மாதிரியே இருந்தது. குழந்தைகள் பாயில் உருண்டன. அதற்கப்புறம் அந்த நாயே போய் அவளைக் கவ்விக்கொண்டு வந்து சேர்க்கும், நல்ல முடிவு, கண்ணில் தண்ணீர் வரும். ஒருத்தர் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையும் இந்தப் படத்தை ஒழுங்காக யாரும் பார்க்கவில்லை.

சரி, தீர்ப்பு? எங்கே வந்தது! திட்டினது நான், சிரிப்பு எனக்கு என்றேன். இவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, “நாந் தும்மாம நின்னம்லா, அதுக்குத்தான் சிரிச்சாவ” என்கிறார். தும்மாததற்கு யாராவது சிரிப்பார்களா? கேளுங்க நீங்களே. அன்றைக்கு ஏன் மூக்கைப் பிடித்தீங்க என்று இதுவரை எத்தனை தடவை கேட்டுவிட்டேன், அதற்கு மட்டும் பதில் கிடையாது. ‘ஒனக்கு வெளங்காது’ என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்கிறார். அவருக்குத்தான் எல்லாம் விளங்கும்.

என்ன அம்மணி, துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்துறீங்க? காப்பி சிந்துகிறது பாருங்க. சிந்தட்டும், விடுங்க, துடைத்துக்கொள்ளலாம்.

சிரிச்சீங்க. இப்போது சிரிச்சீங்கதானே? இல்லை இல்லை, நல்லாவே சிரிச்சீங்க, தோள் குலுங்கிச்சு, நான் பார்த்தேன். இருங்க. அவர் டப்பிங்குக்குப் போயிருக்கிறார், வர ராத்திரி ஆகும். இருதயராஜ் நேற்றே ஊருக்குப் போய்விட்டார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. இந்நேரம் வரைக்கும் பேசினது நான் ஒருத்திதான்.

வேண்டாம், எதுக்குச் சிரிச்சீங்க என்று சொல்லிவிடாதீங்க. எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்றும் சொல்லவேண்டாம், சாமி. டம்ளரைக் கொடுங்க. இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுங்களா?